புகைக்கு சர்டிபிகேட் இருக்கு, பிரேக் தூசிக்கு?

சொந்தமாக காரைக் கழுவுபவர்களுக்குத் தெரியும். வண்டி முழுக்க புழுதி படிந்திருந்தாலும் சக்கரத்தில் மட்டும் தனியாக ஒரு கருந்தூசி அப்பியிருக்கும். அதுவும் பின் சக்கரத்தை விட முன் சக்கரத்தில் அதிகம். ஷாம்பு போட்டாலும் லேசில் போகாது. விரலால் தொட்டால் பென்சில் கரியைத் தொட்ட மாதிரி ஒட்டும்.

பலரும் அதை ரோட்டு அழுக்கு என்று நினைக்கிறார்கள்.

இல்லை மக்களே, அதில் பெரும்பங்கு உங்கள் வண்டியின் பிரேக். தேய்ந்து தூளாகி அங்கே ஒட்டிக்கொண்டிருக்கு.

சக்கரத்தில் ஒட்டியது போக மீதி எங்கே போகுது? அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். ஆனால் வண்டி வைத்திருப்பவர்களும், முக்கியமாக மெக்கானிக் வேலையில் இருப்பவர்களும் கடைசி வரை படியுங்க.

முதலில் விஷயம் எப்படி நடக்குதுன்னு பார்ப்போம்.

ஓடுகிற வண்டியை நிறுத்த அதன் வேகத்தை வேறு ஏதாவது ஒன்றாக மாற்றியாகணும். பிரேக் அதை வெப்பமாக மாற்றுது. டிஸ்க் பிரேக்கில் சுழலும் இரும்புத் தட்டை இரண்டு பக்கமும் பேட் கவ்விப் பிடிக்கும். டிரம் பிரேக்கில் உள்ளே இருக்கும் ஷூ விரிந்து டிரம்மில் உரசும். உரசினால் சூடு வரும், சூட்டோடு தேய்மானமும் வரும். பேட் மட்டும் தேயாது, இரும்புத் தட்டும் சேர்ந்தே தேயும்.

பேட் தேய்ந்துபோச்சு, மாத்தணும் என்று மெக்கானிக் சொல்கிறாரே, அந்தத் தேய்ந்துபோன பகுதி மாயமாக மறையவில்லை. தூசியாகத்தான் வெளியே வந்திருக்கு. அதில் ஏறக்குறைய பாதி காற்றில் மிதக்கும் அளவுக்கு நுண்ணியது என்று ஆய்வுகள் சொல்கின்றன. மீதி சக்கரத்திலும் ரோட்டிலும் படியும்.

சரி, அந்தத் தூசியில் என்ன இருக்கு?

இரும்பு தான் அதிகம். கூடவே செம்பு, துத்தநாகம், பேரியம், ஆன்டிமனி, கிராஃபைட், இதையெல்லாம் பிடித்து வைக்கும் பீனாலிக் ரெசின் என்கிற பிசின். கம்பெனிக்குக் கம்பெனி, பேடுக்கு பேட் இந்தக் கலவை மாறும். பேட் பெட்டியின் மேல் இந்தப் பட்டியல் பெரும்பாலும் இருக்காது. பிஸ்கட் பாக்கெட்டில் என்னென்ன இருக்குன்னு போட்டிருக்காங்க, இதில் இல்லை.

மலைப்பாதையில் இறங்கும்போது முன்னால் போகும் பஸ்ஸிலோ லாரியிலோ இருந்து ஒரு கருகல் வாசனை வருமே, கவனிச்சிருக்கீங்களா? பிரேக் அளவுக்கு மீறி சூடாகி அந்தப் பிசின் கருகும் வாசனை அது. அந்தச் சூட்டில் துகள்கள் இன்னும் நுணுக்கமாகும்.

இப்போ உடம்புக்குள் வருவோம்.

நம் மூக்கும் தொண்டையும் நல்ல வாட்ச்மேன்கள். பெரிய தூசியைப் பிடித்து சளியாக, தும்மலாக வெளியே தள்ளிவிடும். ஆனால் 2.5 மைக்ரானுக்குக் கீழே இருக்கும் துகள், நம்ம தலைமுடியின் தடிமனில் சுமார் 30-ல் ஒரு பங்கு தான். அது வாட்ச்மேனைத் தாண்டி நுரையீரலின் கடைசி அறையான காற்றுப்பைகள் வரை போகும். அதை விடவும் மிக நுண்ணிய துகள்களில் ஒரு பகுதி ரத்தத்துக்குள்ளும் நுழையக்கூடும்.

காற்றுப்பைக்குள் போன தூசியை விழுங்கி அப்புறப்படுத்த மேக்ரோஃபேஜ் என்ற செல்கள் இருக்கு. அங்கே கிருமி வந்தாலும் முதலில் பிடிப்பவர்கள் இவர்கள் தான்.

2020-ல் லண்டன் ஆய்வாளர்கள் ஆய்வகத்தில் இந்த மேக்ரோஃபேஜ் செல்கள் மேல் பிரேக் தூசியைப் போட்டுப் பார்த்தார்கள். டீசல் புகைத் துகள் எந்த மாதிரி அழற்சியை உண்டாக்குமோ அதே மாதிரி அழற்சியை பிரேக் தூசியும் உண்டாக்கியது. அதோடு ஸ்டெஃபைலோகாக்கஸ் பாக்டீரியாவை விழுங்கும் வேலையிலும் அந்த செல்கள் கொஞ்ச நேரத்துக்கு மந்தமாகிவிட்டன. குப்பை அள்ளுபவரின் கையைக் கட்டிப் போட்ட கதை.

2025-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆய்வு இன்னொரு படி மேலே போனது. நான்கு வகை பிரேக் பேட் தூசியை நுரையீரல் செல்கள் மேல் சோதித்தார்கள். அதில் செம்பு அதிகம் இருந்த வகையின் தூசி, டீசல் புகைத் துகளை விட அதிக பாதிப்பைக் காட்டியது. இதில் ஒரு வேடிக்கை என்னன்னா, மோசமான ரிசல்ட் கொடுத்த அந்த வகை ஆஸ்பெஸ்டாஸுக்கு மாற்றாகக் கொண்டு வரப்பட்டது.

இங்கே ஒரு விஷயத்தை நேர்மையாகச் சொல்லணும். இவை ஆய்வகத்தில் செல்கள் மேல் நடந்த சோதனைகள். ஆகவே பிரேக் தூசியால் இத்தனை பேருக்கு ஆஸ்துமா, இத்தனை பேருக்கு மாரடைப்பு என்று தனியாக எண்ணிக்கை சொல்ல இதை வைத்து முடியாது. அப்படி யாராவது எண்ணிக்கை போட்டு வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்பாதீங்க.

ஆனால் காற்றில் மிதக்கும் நுண்துகள் மொத்தமாக என்ன செய்யும் என்பதில் சந்தேகமே இல்லை. ஆஸ்துமா, சிஓபிடி, மாரடைப்பு, பக்கவாதம் எல்லாவற்றோடும் அதற்குத் தொடர்பு இருக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2013-லேயே அதைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பட்டியலில் வைத்துவிட்டது. அந்த நுண்துகளில் பிரேக் தூசிக்கு ஒரு பங்கு இருக்கு.

எவ்ளோ பங்கு? ஐரோப்பிய ஆணையத்தின் ஆய்வு மையம் 2014-ல் வெளியிட்ட தொகுப்பின்படி, நகரங்களில் வாகனங்களால் வரும் பிஎம் 10 துகள்களில் 21 சதவீதம் வரை பிரேக் தேய்மானத்தால் வருது.

இன்னொன்றையும் யோசிங்க. புகையைக் கட்டுப்படுத்தக் கட்டுப்படுத்த, புகையில்லாத தூசியின் பங்கு தானாகவே ஏறும். நம்ம நாட்டில் 2020 ஏப்ரலில் இருந்து பாரத் ஸ்டேஜ் 6. புது வண்டிகளின் சைலன்சரில் இருந்து வரும் துகள் நிறையக் குறைஞ்சிருக்கு. நல்ல விஷயம். ஆனால் அந்த விதி சைலன்சர் குழாயைத்தான் பார்க்குது. பெட்ரோல் பங்க் ஓரத்தில் நாம் எடுக்கும் புகைச் சான்றிதழும் அப்படித்தான். சக்கரத்தின் உள்ளே இருந்து வரும் தூசிக்கு இங்கே யாரும் மீட்டர் வைக்கவில்லை.

ஐரோப்பா வைத்திருக்கு. அங்கே வரும் யூரோ 7 விதியில் முதல் முறையாக பிரேக் தூசிக்கு உச்ச வரம்பு இருக்கு. 2026 நவம்பர் இறுதியில் இருந்து புதிதாக அனுமதிக்கு வரும் கார் மாடல்கள் ஒரு கிலோமீட்டருக்கு 7 மில்லிகிராமுக்கு மேல் பிரேக் துகள் விடக்கூடாது. மின்சார கார்களுக்கு 3 மில்லிகிராம்.

7 மில்லிகிராம் ஒரு தூசாங்க என்று தோணும். கணக்கு போடுங்க. வருஷத்துக்கு 10,000 கிலோமீட்டர் ஓடும் ஒரு கார், விதிக்கு உட்பட்டு ஓடினாலும் 70 கிராம் விடலாம். ஆயிரம் கார்னா 70 கிலோ. நம்ம ஊர் ஒரு சிக்னலை ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் வண்டி தாண்டுது?

இந்தத் தூசி நுரையீரலோடும் நிற்பதில்லை. மழை பெய்தால் ரோட்டில் படிந்ததெல்லாம் சாக்கடை, வாய்க்கால், ஏரி என்று போய்ச் சேரும். தண்ணீரில் கரைந்த செம்பு மிகக் குறைந்த அளவிலேயே சால்மன் மீனின் மோப்ப சக்தியைக் கெடுக்கும். மோப்பம் போனால் தன்னைத் தின்ன வரும் மீனை அதற்குத் தெரியாது. இதைப் பார்த்துத்தான் அமெரிக்காவின் கலிபோர்னியாவும் வாஷிங்டனும் 2010-ல் பிரேக் பேடில் செம்பைக் குறைக்கச் சட்டம் போட்டன. கலிபோர்னியாவில் 2025 முதல் வரம்பு அரை சதவீதம்.

கவனிங்க. சட்டம் வந்ததும் கம்பெனிகள் செம்பு குறைந்த பேடைத் தயாரித்துக் கொடுத்தன. வண்டிகள் அங்கே நிற்காமல் போகவில்லை, பிரேக் பிடித்துத்தான் நிற்கின்றன. கேட்டால் கிடைக்கும், கேட்காதவர்களுக்குக் கிடைக்காது. அவ்ளோ தான்.

"அப்போ மின்சார வண்டி வாங்கிட்டா தீர்ந்துச்சா டாக்டர்?" என்று கேட்பீங்க.

பிரேக் விஷயத்தில் நிச்சயம் லாபம் தான். மின்சார வண்டியில் ஆக்சிலரேட்டரில் இருந்து காலை எடுத்தாலே மோட்டார் வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்த ஆற்றலை பேட்டரிக்கே திருப்பி அனுப்பும். பேடுக்கு வேலை குறைவு, தூசியும் குறைவு. ஆனால் பேட்டரியால் வண்டி கனம். டயர் தேய்மானத் தூசி குறையாது, கூடக்கூட செய்யலாம். ஆகவே தூசி ஜீரோ என்று சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது ரோட்டில் போகும் நம் எல்லாருக்கும் பொதுவானது. இனிமேல் சொல்லப்போவது தான் எனக்கு முக்கியம்.

பிரேக் தூசியை அதிகமாகச் சுவாசிப்பவர் யார்? காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பவர் இல்லை. சிக்னலில் நிற்கும் போக்குவரத்துக் காவலர், டோல்கேட் ஊழியர், சிக்னல் ஓரம் பூ விற்கும் அக்கா, இவர்கள் எல்லாரும் நமக்கு முன்னால் நிற்கிறார்கள். இவர்கள் எல்லாருக்கும் முன்னால் நிற்பவர், நம்ம வண்டிக்கு பிரேக் ஷூ மாற்றும் மெக்கானிக்.

டிரம் பிரேக்கின் அமைப்பே மூடிய டப்பா மாதிரி. தேய்ந்த தூசியில் நிறைய அதற்குள்ளேயே மாதக்கணக்கில் சேர்ந்து கிடக்கும். அதைத் திறந்ததும் என்ன செய்கிறார்கள் என்று பார்த்திருக்கீங்களா? டிரம்மைத் தரையில் இரண்டு தட்டு தட்டுவார்கள். ஏர் கன்னை எடுத்து ஒரு அடி அடிப்பார்கள். குப்பென்று கருப்பு மேகம் எழும். அப்புறம் ஷூவை உப்புத்தாளில் தேய்ப்பார்கள். மூக்குக்கும் தூசிக்கும் இடையில் ஒரு முழம் கூட இருக்காது.

மாஸ்க்? கிடையாது. பல பட்டறைகளில் கர்சீப் கூட கிடையாது. அதே கையோடு டீ, வடை. சிலருக்கு அதே கையோடு பீடி. பக்கத்தில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுக்கும் பையனுக்கு மீசை கூட சரியாக முளைத்திருக்காது.

அந்தக் கருப்பு மேகத்தில் இரும்பும் செம்பும் மட்டும் இருந்தாலே பிரச்சனை தான். ஆனால் இன்னொன்றும் இருக்க வாய்ப்பிருக்கு. ஆஸ்பெஸ்டாஸ்.

சூடு தாங்கும், விலை குறைவு என்பதால் பல பத்தாண்டுகள் உலகம் முழுக்க பிரேக் லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் தான் போட்டார்கள். பெரிய கம்பெனிகள் அதைக் கைவிட்டு வருஷக்கணக்காகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2005-லேயே முழுசாகத் தடை செய்துவிட்டது. அமெரிக்கா 2024-ல் தான் தடை போட்டது, அந்தத் தடையில் பிரேக் லைனிங் பெயர் சொல்லியே இருக்கு.

இந்தியாவில்? இன்று வரை ஆஸ்பெஸ்டாஸுக்கு முழுத் தடை இல்லை. உலகில் அதை அதிகமாக இறக்குமதி செய்யும் நாடுகளில் நாம் முன்வரிசையில் இருக்கோம். அதில் பெரும்பகுதி கூரை ஷீட்டுக்குப் போகுது. ஆனால் பேர் ஊர் இல்லாத அட்டைப்பெட்டியில் பாதி விலைக்கு வரும் லைனிங்கில் என்ன இருக்குன்னு கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. மெக்கானிக்காலும் முடியாது, என்னாலும் முடியாது. லேபில் கொடுத்தால் தான் தெரியும்.

ஆஸ்பெஸ்டாஸ் இழை நுரையீரலுக்குள் போனால் உடம்பால் அதை முழுசாக வெளியேற்ற முடியாது. நுரையீரல் தழும்பேறி இறுகும், அதற்கு ஆஸ்பெஸ்டாஸிஸ் என்று பெயர். நுரையீரல் புற்றுநோய் வரும். நுரையீரலின் உறையில் மீசோதீலியோமா என்ற கொடிய புற்றுநோய் வரும். இவை உடனே வராது, 20 முதல் 40 வருஷம் கழித்து வரும். 18 வயதில் சுவாசித்ததற்கு 50 வயதில் பில் வரும். புகைப்பழக்கமும் சேர்ந்தால் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து பல மடங்காகப் பெருகும்.

பிரேக் மெக்கானிக்குகளுக்கு மீசோதீலியோமா ஆபத்து எவ்ளோ கூடுதல் என்பதில் உலக ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆனால் ஆஸ்பெஸ்டாஸ் எல்லா வகையிலும் புற்றுநோய்க் காரணி என்பதில் அறிவியலில் விவாதம் இல்லை. அதனால் தான் அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு விதியில் பிரேக் வேலைக்கு என்றே தனிப் பிரிவு இருக்கு. வாரத்துக்கு ஐந்து வண்டி மட்டும் பார்க்கும் சின்னப் பட்டறையாக இருந்தாலும் ஈரமாக்கித்தான் துடைக்கணும். திறந்தவெளியில் ஏர் அடித்து ஊதக்கூடாது.

அந்த விதியை நாம் பின்பற்ற ராக்கெட் தொழில்நுட்பம் எதுவும் வேண்டாம். மெக்கானிக் அண்ணன்களுக்கு ஐந்தே விஷயம் சொல்றேன்.

1. டிரம்முக்கு ஏர் அடிக்காதீங்க, தரையில் தட்டாதீங்க. செடிக்குத் தண்ணி தெளிக்கும் ஸ்பிரே பாட்டில் கடையில் கிடைக்கும். அதில் தண்ணியும் கொஞ்சம் சோப்பும் கலந்து, தூசி நனையும் வரை மெதுவாகத் தெளிங்க. பிரஷர் வாட்டர் அடிக்காதீங்க, அதுவும் தூசியைக் கிளப்பும்.

2. ஈரமாக இருக்கும்போதே பனியன் வேஸ்டால் துடைச்சு, அந்தத் துணியை ஒரு கவரில் போட்டுக் கட்டிடுங்க. காயவிட்டு உதறித் திரும்ப உபயோகிக்காதீங்க. பெட்ரோல், மண்ணெண்ணெய் போட்டுக் கழுவுவதும் வேண்டாம். தோலுக்கும் கேடு, தீ ஆபத்தும் கூட.

3. பிரேக் வேலைக்கு என் 95 மாஸ்க் போடுங்க. கர்சீப்பும் துணி மாஸ்க்கும் இந்தத் தூசியைத் தடுக்காது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் வேலை இருந்தால் மாஸ்க் இல்லாமல் ஆரம்பிக்காதீங்க.

4. டீக்கு முன்னால் கையும் முகமும் சோப்பு போட்டுக் கழுவுங்க. பட்டறைச் சட்டையோடு வீட்டுக்குப் போய் குழந்தையைத் தூக்காதீங்க. சட்டையைத் தனியாகத் துவைக்கணும். ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்களின் துணியைத் துவைத்த மனைவிமார்களுக்கும் மீசோதீலியோமா வந்தது மருத்துவத்தில் பதிவாகியிருக்கு.

5. பீடி, சிகரெட்டை விடுங்க. அறிவுரையாகச் சொல்லவில்லை. மேலே சொன்ன பல மடங்குக் கணக்கு தான் காரணம்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தாலோ, மாடி ஏறினால் முன்பு இல்லாத மூச்சிரைப்பு இருந்தாலோ பக்கத்து அரசு மருத்துவமனைக்கு வாங்க. வந்ததும் "சார், நான் மெக்கானிக், பிரேக் வேலை பார்க்கிறேன்" என்று நீங்களே சொல்லுங்க. அந்த ஒரு வரி எங்களுக்கு எக்ஸ்ரே மாதிரி. நோயாளியிடம் என்ன தொழில் என்று கேளுங்கள் என இத்தாலிய மருத்துவர் ராமஸ்ஸினி 1700-ல் எழுதியதை எந்த ஸ்கேனும் இன்னும் பழசாக்கவில்லை. சக மருத்துவர்களுக்கும் இதே கோரிக்கை தான். இருமல் என்று வருபவரிடம் தொழிலைக் கேட்டு ஓபி சீட்டில் எழுதுங்க.

வண்டி வைத்திருக்கும் நமக்கு என்ன வேலை?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். தூசிக்குப் பயந்து யாரும் பிரேக் போடாமல் இருக்காதீங்க. தேய்ந்த பேடை மாற்றாமலும் இழுத்தடிக்காதீங்க. பிரேக் பிடிக்காத வண்டி என்ன செய்யும் என்பதை விபத்து வார்டில் பார்ப்பவர்கள் நாங்கள். பிரேக் உயிர் காக்கும் பொருள். அதன் தூசியைக் குறைக்கலாம் என்பது தான் பேச்சு.

முன்னால் போகும் வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்டுங்க. சிக்னல் சிவப்பாக இருப்பது தூரத்திலேயே தெரியும்போது கடைசி வரை முறுக்கிக்கொண்டு போய் சடன் பிரேக் அடிக்காதீங்க. மலை இறங்கும்போது ஏறிய அதே கியரில் இறங்குங்க, இன்ஜினே வண்டியைப் பிடிக்கும். சக்கரத்தின் கருந்தூசியைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்க்காமல் தண்ணி ஊற்றிக் கழுவுங்க.

லைனிங் மாற்றும்போது கம்பெனி பெயரும் ஆஸ்பெஸ்டாஸ் இல்லை என்ற குறிப்பும் உள்ள பெட்டியைக் கேட்டு, பில்லோடு வாங்குங்க. அதில் மிச்சம் பிடிக்கும் நூறு இருநூறுக்கு விலை கொடுப்பவர் உங்க மெக்கானிக். அடுத்த தடவை சர்வீஸுக்குப் போகும்போது ஒரு ஸ்பிரே பாட்டிலும் நாலு மாஸ்க்கும் வாங்கிக் கொடுத்து "அண்ணே, ஏர் அடிக்காதீங்க, நனைச்சுத் துடைங்க" என்று சொல்லிப் பாருங்க. டிப்ஸை விட அது பெரிசு.

ஆனால் இதைத் தனி மனிதர்கள் தலையில் மட்டும் கட்டிவிட்டு அரசு ஒதுங்க முடியாது.

1995-ல் உச்ச நீதிமன்றம் ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர்கள் வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. தொழிலாளியின் உடல்நலம் அவரது வாழும் உரிமையின் பகுதி. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருந்து குறைந்தது 40 வருஷம் அவரது மருத்துவப் பதிவேட்டைப் பாதுகாக்க வேண்டும். அருமையான தீர்ப்பு. ஆனால் மூணு பேர் வேலை பார்க்கும் ரோட்டோரப் பட்டறையில் பதிவேடு எங்கே இருக்கு? தொழிற்சாலைச் சட்டத்தின் கண்ணுக்கு அந்தப் பட்டறை பட்டதே இல்லை.

நம் மாநிலத்தில் அதற்கு வழி இருக்கு. ஓட்டுநர்களுக்கும் வாகனப் பழுதுபார்க்கும் தொழிலாளர்களுக்கும் என்றே தனி நல வாரியம் இருக்கு. அந்த வாரியம் வழியாகப் பட்டறைகளுக்கு மாஸ்க்கும் ஈரத் துடைப்புக்கான சாமான்களும் கொடுக்கலாம். உறுப்பினர்களுக்கு வருஷம் ஒரு முறை ஸ்பைரோமெட்ரி, அதாவது ஊதிப் பார்க்கும் நுரையீரல் பரிசோதனை செய்து, அந்த ரிசல்ட்டைப் பாதுகாக்கலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபியும் சுகரும் வீடு தேடிப் போய்ப் பார்க்கிறோம். பட்டறை தேடிப் போய் நுரையீரலைப் பார்ப்பது நம்மால் ஆகாத காரியம் இல்லை.

ஐடிஐயில் மோட்டார் மெக்கானிக் படிக்கும் பிள்ளைகளுக்கு ஈரத் துடைப்பு தான் முதல் பாடமாக இருக்கணும். கடையில் விற்கும் ஒவ்வொரு லைனிங் பெட்டி மேலும் உள்ளே என்ன இருக்கு என்று எழுதணும். எழுதியது உண்மையா என்று சந்தையில் எடுத்துச் சோதிக்கணும். வாகன மாசுக்கு அடுத்த விதி எழுதும்போது ஒன்றிய அரசு சைலன்சரோடு சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ளணும்.

இதில் எதற்கும் பெரிய செலவு இல்லை. புதுக் கண்டுபிடிப்பும் வேண்டாம். ஒரு ஸ்பிரே பாட்டிலின் விலை ஒரு பிளேட் பரோட்டா விலை தான். 30 வருஷம் கழித்து ஒரு மெக்கானிக்கின் மூச்சுத்திணறலுக்கு ஆக்சிஜன் சிலிண்டர் வாடகை எவ்ளோ என்று அந்தக் குடும்பத்தைக் கேட்டால் தெரியும்.

உங்க பகுதியில் இருக்கும் மெக்கானிக்குக்கு இந்தப் பதிவை அனுப்புங்க. படிக்க நேரமில்லை என்றால் அந்த ஐந்து விஷயத்தை மட்டும் நீங்களே வாசிச்சுக் காட்டுங்க. பட்டறையில் இருந்து யாருக்காவது சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, நைட் டியூட்டி முடிந்ததும் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறேன்.